அப்பா, திறக்கட்டுமா?

2019 டிசம்பர் 9, திங்கட்கிழமை மாலை, பல்கேரியாவின் விதின் நகரில், டான்யூப் ஆற்றங்கரையை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் ஒரு வீட்டுக் கதவின் பூட்டு விலகியது. வீட்டுக்குள் ஒருவர் மட்டும் இருந்தார். அவரால் எழுந்து நடக்க முடியாது.

அவருடைய மகள் ராலிட்சாவுக்கு அந்தச் செய்தி பேருந்தில் வந்தது. தையல் கூடத்தில் நாள் முழுக்கச் சட்டைகளுக்குக் காலர் தைத்துவிட்டு, ஈரக் கோட்டுகளின் கம்பளி வாடைக்கும் யாரோ பையில் வைத்திருந்த ஊறவைத்த முட்டைக்கோஸின் புளிப்பு வாடைக்கும் நடுவே, ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்துப் பாதித் தூக்கத்தில் இருந்தாள். கைபேசி அதிர்ந்தது. ‘கதவு திறந்தது. சம்மதித்தவர்: அப்பா.’

வேல்கா அக்கா எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். மதியம் வந்து அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டி, துணி மாற்றிவிட்டுப் போகிறவள் அவள்தான். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் உறைத்தது. வேல்காவிடம் சாவி இருக்கிறது. அவள் மணி அடிப்பதே இல்லை.

கட்டடத்தின் வாசலில், நுழைவுக் கதவில் ஒட்டியிருந்த இறப்பு அறிவிப்புகள் காற்றில் படபடத்தன. மேலே பார்த்தாள். வெளிச்சம் இருந்த ஜன்னல்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். ஐந்தாவது மாடியில் நான்கு வீடுகள். ஒன்று ஜெர்மனிக்குப் போனவர்களுடையது, ஒன்று ஸ்பெயினுக்கு, ஒன்று செத்துப்போனவருடையது. படிக்கட்டு விளக்கின் பொத்தானை அழுத்தினால் கொஞ்ச நேரம் எரியும், உள்ளே ஏதோ டிக் டிக் என்று எண்ணும், அப்புறம் தானாக அணையும். ஒவ்வொரு மாடியிலும் அழுத்திக்கொண்டே ஏறினாள்.

கதவு பூட்டித்தான் இருந்தது.

அப்பா கமென் ஜன்னலோரம் தன் நாற்காலியில் இருந்தார். எதிரே தாங்கியில் அந்தப் பழைய ஸ்மார்ட்போன், எப்போதும் போல் அவர் முகத்தைப் பார்த்தபடி. அடுப்பில் விறகு தணிந்திருந்தது. அந்தப் புகை வாடைக்கு அடியில் இன்னொரு வாடை. பனி பெய்யும்போது இரும்புக் கைப்பிடியை முகர்ந்தால் வருமே, அது.

சமையலறை முக்காலி அப்பாவின் முழங்காலை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. அவர் கால்களைப் போர்த்திய கம்பளியின் ஓரம் பாதங்களுக்கு அடியில் மடித்துச் செருகப்பட்டிருந்தது. அப்படி மடித்துச் செருகுவது ராலிட்சா ஒருத்திதான்.

வேல்காவுக்கு போன் போட்டாள்.

“அக்கா, போகும்போது அப்பா காலைக் கம்பளியில சுத்திட்டா போன?”

“இல்லடி. வேர்க்குதுன்னு மூஞ்சியச் சுளிச்சாரு, எடுத்து ஓரமா வெச்சுட்டு வந்தேன். ஏன், சளி புடிச்சிடுச்சா? என் தலையில கட்டாத.”

“சும்மாதான் கேட்டேன்.”

அப்பாவின் முன் குனிந்தாள். “அப்பா, யாராவது வந்தாங்களா?”

அவர் தலை இடமும் வலமுமாக மெல்ல அசைந்தது. அந்த ஊரில் அதற்கு ‘ஆமாம்’ என்று பொருள்.

“யாரு?”

கமென் மகளைப் பார்த்தார். கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்தார். அவள் கன்னத்தைத் தொடக் கை நீட்டியபோது, அவரிடம் அசைக்க மிஞ்சியிருந்த அந்தக் கழுத்தால், தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

*

கமென் படகுக்காரர். ஆற்றின் மேல் பாலம் வருவதற்கு முன் ருமேனியக் கரைக்குப் போய்வந்துகொண்டிருந்த பெரிய படகில் கயிறு பிடித்தவர். வேண்டாம் என்றால் மோவாயைச் சடக்கென்று மேலே தூக்கி நாக்கால் ‘ச்சு’ கொட்டுவார். ஏற்றிக்கொள்ளச் சொல்லி லாரி ஓட்டிகள் எவ்வளவு கெஞ்சினாலும் அந்த ஒரு ‘ச்சு’வுக்கு மேல் பேச்சில்லை. போன வசந்தத்தில் பக்கவாதம் வந்து வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோனது. இடக்கை நடுங்கியது. மிஞ்சியது கழுத்தும் அந்த ‘ச்சு’வும்.

ராலிட்சா வேலைக்குப் போயாக வேண்டும். சம்பளம் நின்றால் வேல்காவும் இல்லை, மருந்தும் இல்லை; அப்பாவை மலை மேல் இருக்கும் அரசு முதியோர் விடுதிக்கு அனுப்ப வேண்டியதுதான். அங்கே போனவர்கள் எவரும் அடுத்த குளிர்காலத்தைப் பார்த்ததில்லை. வேல்கா போன பிறகு, தான் வரும்வரை, அப்பா தனியாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் ஒரு வழி வேண்டியிருந்தது.

வழி சொன்னவன் யாவோர். பள்ளியில் கூடப் படித்தவன், சந்தையில் கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான்.

“இதுக்கு ஜெயில்பிரேக் பண்ணணும் ராலி,” என்றான், அவளுடைய பழைய போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு. “கம்பெனிக்காரன் போனை ஜெயில்ல வெச்சுத்தான் விக்கிறான். அவன் கடையில இருக்கிறதத் தவிர வேற எதையும் உள்ள விடமாட்டான். அந்தப் பூட்டை ஒடச்சாத்தான், தலையசைப்பப் பார்த்துக் கதவு தொறக்கிற ஆப்பை நான் உள்ள போட முடியும். ஒடச்சிட்டா, நாம சொன்னதக் கேக்கும்.”

“நாம சொன்னத மட்டுமா?”

“ஸ்கூல்லயும் நீ இப்படித்தான். வாத்தியார் முடிக்கறதுக்குள்ள அடுத்த கேள்வி.” சிரித்தான். “சரி, கேட்டுக்கோ. இதுல பேங்க் வேலை எதுவும் வெச்சுக்காத. கம்பெனி புதுசா எதாவது அனுப்பிச்சா ஏத்துக்காத. அணைஞ்சுதுன்னா நான் போட்டது பூரா போயிடும், மறுபடி என்கிட்டதான் கொண்டு வரணும். அப்புறம், இனிமே இது பூட்டில்லாத வீடு. நான் எங்க இருந்தாலும் உள்ள வந்து கை வைக்கலாம், அது நல்லதுதான். வேற எவனாவது வந்தாலும் ஒனக்குத் தெரியாது.”

“அஞ்சாவது மாடியில நடக்க முடியாத ஒரு மனுஷன்கிட்ட எவன் வரப்போறான்?”

“அதான. ஒங்கப்பாகிட்ட திருடணும்னா மீசையத்தான் திருடணும்.”

ஆப்பை எழுதியவன் எந்த நாட்டுக்காரனோ, தலை மேலும் கீழும் போனால் சம்மதம், பக்கவாட்டில் ஆடினால் மறுப்பு என்று எழுதியிருந்தான். யாவோர் கதவில் மோட்டார் பூட்டும் வாசலில் ஒரு கேமராவும் மாட்டி, அதை மாற்றி வைத்தான். “நம்ம ஊர்த் தலைக்கு ஏத்த மாதிரி” என்றான். அப்பா பயப்படக் கூடாது என்று கேள்விகளை ராலிட்சா தன் குரலிலேயே பதிவு செய்தாள். மொத்தம் மூன்று. அப்பா, திறக்கட்டுமா? அப்பா, எனக்கு போன் போடட்டுமா? அப்பா, ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா?

இலையுதிர் காலம் முழுக்க அது ஒழுங்காக வேலை செய்தது. சில மாலைகளில் மட்டும் பேருந்தில் இருக்கும்போது செய்தி வரும்: ‘மணி அடித்தது. மறுத்தவர்: அப்பா.’ எதையோ விற்க வந்தவர்கள் என்று விட்டுவிடுவாள். யார் வந்தாலும் அப்பா விடவில்லை, அது போதும்.

டிசம்பர் முதல் வார இறுதியில் பனியால் மின்சாரம் போய், போன் அணைந்தது. சனிக்கிழமை யாவோரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். கடையில் கூட்டம். மறுநாள் சோபியாவிலிருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்ப வேண்டும், விடுமுறை முடிந்துதான் வருவேன் என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் மறுபடி போட்டுக் கொடுத்தான்.

*

செவ்வாய்க்கிழமை தலைவலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே வந்தாள். வேல்கா போகும்வரை சமையலறையில் இருந்தாள், பிறகு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஆறு முதலில் சாம்பல் நிறமாகி, பிறகு எதிர்க்கரை அழிந்து, கடைசியில் கண்ணாடியில் அறை மட்டும் தெரிந்தது: விளக்கு, நாற்காலி, அப்பா, தான். அடுப்பில் விறகு வெடித்தது. மேல் மாடிகளில் எங்கோ ஒரு குழாய் முனகி அடங்கியது. அப்பா அவளைப் பார்க்காமல் கூடத்து இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது.

படிக்கட்டில் காலடி எதுவும் கேட்டிருக்கவில்லை. போனின் திரை ஒளிர்ந்தது. வாசல் கேமராவில் நடைவழி தெரிந்தது: பச்சை எண்ணெய் வண்ணம் அடித்த சுவர், எதிர் வீட்டுக் கதவு, கால்மிதி. யாரும் இல்லை.

“அப்பா, திறக்கட்டுமா?” என்றது அவள் குரல்.

கமென் மோவாயை மேலே தூக்கினார். ‘ச்சு.’

கூடத்தில் பூட்டின் மோட்டார் முனகிச் சுழன்றது.

ராலிட்சா பாய்ந்து ஓடினாள். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அந்தச் சாண் வழியாகக் குளிர் முழங்கால் உயரத்தில் வந்து கால்களைச் சுற்றியது. தள்ளிச் சாத்தினாள். சங்கிலியை மாட்டினாள். நெற்றியைக் கதவில் வைத்து நின்றபோது, பயத்துக்கு நடுவே, புரிந்தது. அவர் வேண்டாம் என்றார். போன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டது. யாவோர் அவசரத்தில் தலையை மாற்றி வைக்க மறந்திருக்கிறான்.

அப்படியானால் நேற்றும் அப்பா வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

சிரிப்பு வந்தது அவளுக்கு. காரணம் கிடைத்துவிட்ட சிரிப்பு. யாரோ விஷமம் செய்கிறான், கேமராவுக்குக் கீழே குனிந்து நின்று மணி அடிக்கிறான். பூட்டைச் சரி செய்தால் தீர்ந்தது. யாவோருக்கு அழைத்தாள், எடுக்கவில்லை. ‘தலை தலைகீழா இருக்கு. அங்கேருந்தே சரி பண்ணு, இப்பவே’ என்று செய்தி அனுப்பினாள். போனை அணைத்துவிடலாமா என்று விரல் பொத்தான் வரை போனது. அணைத்தால் எல்லாம் போய்விடும். அவன் ஊரில் இல்லை. நாளைக்கு மாலை அப்பாவுக்கு மூச்சடைத்தால் யாரைக் கூப்பிடுவார்? விரலை எடுத்துக்கொண்டாள்.

முக்காலியை இழுத்துப் போட்டாள்.

“அப்பா, கேளு. இந்த மெஷினுக்கு நம்ம ஊர்த் தலை புரியல. இனிமே வேணாம்னா, ஆமாங்கிற மாதிரி ஆட்டு. இப்படி. இப்படி.”

கமென் மோவாயைத் தூக்கினார்.

“ஐயோ, அது இல்ல. உன் படகை மற. நீ இப்ப வெளிநாட்டுக்காரன். பக்கவாட்டுல.”

அவர் வாயின் பாதி சிரித்தது. நேற்றிலிருந்து இதுதான் முதல் சிரிப்பு. எழுபது வருடப் பழக்கம் கழுத்தில் முறுக்கிக்கொண்டு நின்றது. மேலே போகத் தொடங்கிய மோவாயை அவர் பாதியில் நிறுத்தி, பாறையை நகர்த்துகிறவர் போலப் பக்கத்துக்குத் திருப்பினார். மறுபடி. மறுபடி. நெற்றியில் வியர்வை. அவர் அசையும்போதெல்லாம் பழைய பிரம்பு நாற்காலி இடப்பக்கம் ஒரு கிறீச், வலப்பக்கம் ஒரு கிறீச்.

“அவ்வளவுதான். என் தங்கம். இப்ப நான் வெளியே போய் மணி அடிப்பேன். நீ வேணாம்னு சொல்லணும். சரியா?”

அவர் கண்கள் சட்டென்று அகன்றன. இடக்கை நடுங்கிக்கொண்டே வந்து அவள் கையைப் பற்றியது. பிடியை விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

“ஒரே நிமிஷம்ப்பா.”

சங்கிலியை எடுத்தாள். சாவியையும் தன் கைபேசியையும் கையில் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பூட்டு தானாக விழுந்தது.

படிக்கட்டு விளக்கின் பொத்தானை அழுத்தினாள். மஞ்சள் வெளிச்சம். டிக் டிக். நடைவழியில் யாரும் இல்லை. பச்சைச் சுவரில் ஈரம் பூத்திருந்தது. இரும்பு வாடை இங்கே இல்லை. அதுதான் விநோதமாகப் பட்டது. வாடை வெளியிலிருந்து வந்ததென்றால் இங்கே அல்லவா அதிகமாக இருக்க வேண்டும்?

மணியை அழுத்தினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. “அப்பா, திறக்கட்டுமா?”

நாற்காலி கிறீச்சிட்டது. இடம். வலம். இடம். வலம்.

பூட்டு அசையவில்லை. காத்திருந்தாள். அசையவில்லை. மூச்சை விட்டாள். கண்ணில் நீர் வந்தது. சாவியைத் துவாரத்தில் வைத்தாள்.

கையிலிருந்த கைபேசி அதிர்ந்தது. யாவோர்.

‘மன்னிச்சுக்கோ, மறந்தே போச்சு. இப்ப மாத்திட்டேன். பழையபடி நம்ம ஊர்த் தலை. ஒங்கப்பாவ அவர் இஷ்டத்துக்கு ஆட்டச் சொல்லு.’

அதைப் படித்து முடிக்கவில்லை.

உள்ளே அவள் குரல் பேசியது. அவள் மணியைத் தொடவில்லை.

“அப்பா, நான் இங்கயே இருந்துடட்டுமா?”

அப்படி ஒரு கேள்வியை அவள் பதிவு செய்ததில்லை.

நாற்காலி. இடம். வலம். சொல்லிக் கொடுத்தபடி, நிதானமாக, ஒழுங்காக. இடம். வலம்.

“அப்பா! வேணாம்! மேல தூக்கு! பழைய மாதிரி, மேல!”

“சரிப்பா,” என்றது உள்ளிருந்த குரல்.

சாவியைத் திருப்பினாள். திரும்பியது. கதவு ஒரு விரல் அகலம் நகர்ந்து நின்றது. உள்ளே சங்கிலி. அவள் கண் முன்னாலேயே அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இப்போதுதான் மாட்டியிருக்கிறார்கள்.

அந்த விரலகலத்தில் இரும்பு வாடை.

அப்பா என்று கத்தினாள். சத்தம் வரவில்லை. வாய் திறந்தது. தொண்டை அதிர்ந்தது. நடைவழியில் விளக்கின் டிக் டிக் மட்டும் கேட்டது.

“அப்பா.” மென்மையாக. அவர் கம்பளியைச் செருகிவிடும்போது அவள் பேசுவாளே, அந்தத் தொனி. “வெளிய நிக்கிறவள அனுப்பிடட்டுமா?”

மணியைத் தேடினாள். விரல் சுவரில் படவில்லை.

கிறீச்.

கிறீச்.

“சரிப்பா.”

விளக்கு அணைந்தது.

*

புதன்கிழமை மதியம் வேல்கா வந்தபோது சாவி திரும்பியது, சங்கிலி தடுத்தது. பிறகு அவள் யாவோரிடம் சொன்னது இவ்வளவுதான்.

ராலிட்சாவே வந்து சங்கிலியை எடுத்தாள். தலை சீவி, சுத்தமான ஏப்ரன் கட்டியிருந்தாள். வேலையை விட்டுவிட்டதாகவும், இனி அப்பாவைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், வேல்கா வர வேண்டியதில்லை என்றும் சொன்னாள். வீடு பளிச்சென்று இருந்தது. கமென் ஜன்னலோரம் இருந்தார். கம்பளி பாதங்களுக்கு அடியில் மடித்துச் செருகப்பட்டிருந்தது. வேல்காவைப் பார்த்ததும் மோவாயைத் தூக்கினார், ‘ச்சு’, மறுபடி ‘ச்சு’, மறுபடி. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“என்ன கமென் அண்ணே, என்ன வேணாங்கிறீங்க? என்னையா?” என்றாள் வேல்கா.

அப்போது மணி அடித்தது. வேல்கா வாசலில்தான் நின்றிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். நடைவழியில் யாரும் இல்லை.

தாங்கியிலிருந்த போன் ராலிட்சாவின் குரலில் கேட்டது: “அப்பா, திறக்கட்டுமா?” கேட்டு முடித்ததும் மறுபடி மணி. “அப்பா, திறக்கட்டுமா? அப்பா, திறக்கட்டுமா? அப்பா…” ஜலதோஷம் பிடித்தவள் பேசியது போல் இருந்தது, அழுத மாதிரியும் இருந்தது என்றாள் வேல்கா.

கமெனின் தலை இப்போது இடமும் வலமுமாக, ‘ஆமாம்’, ‘ஆமாம்’ என்று ஆடத் தொடங்கியது.

“ராத்திரி பூரா இதே தொல்லைதான்,” என்றாள் ராலிட்சா. உள்ளே போய், அவர் முகத்துக்கும் போனுக்கும் நடுவே நின்று, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். திரை கறுக்கும்வரை பிடித்திருந்தாள். குரல் நின்றது.

விடுமுறை முடிந்து யாவோர் கடை திறந்தான். அந்தப் போனை யாரும் அவனிடம் கொண்டு வரவில்லை.